‘சும்மா சளிக்காய்ச்சல்தான்’ என்று இனி என்னிடம் யாரும் சொல்லாதீர்கள்



நீளமான பதிவு. பக்கத்தை எண்ணிப் பார்த்து மார்க் போடும் டீச்சர் என்று என்னைக் கேலி செய்வீர்களே, அதற்குத் தண்டனையாக இன்று என் பக்கங்களை நீங்கள் பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் 93ஆம் வருட செட் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் படம் போட்டிருந்தான். பெயர் சொல்ல மாட்டேன், குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். பெங்களூரில் 10 கிலோமீட்டர் ஓட்டம், கழுத்தில் மெடல், முகமெல்லாம் வேர்வை. கீழே ஒரு வரி: “மூணு நாளா 102 டிகிரி காய்ச்சல். நேத்துதான் விட்டுச்சு. ஆனாலும் விடுவோமா!” சற்று நேரத்தில் நாற்பது பேர் கை தட்டிவிட்டார்கள். “சிங்கம்டா”, “மன உறுதி” என்றெல்லாம் வாழ்த்து. நான் மட்டும், “தம்பி, இது தப்பு. கொஞ்ச நாள் ஓடாதே” என்று எழுதினேன். உடனே பதில் வந்தது.

“டீச்சர், காய்ச்சல்னாலும் ஸ்கூலுக்கு வரணும்னு சொல்லிக்குடுத்ததே நீங்கதானே!” பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னது உண்மை. 34 வருடம் அறிவியல் பாடம் எடுத்தேன். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் ‘முழு வருகைப் பரிசு’ என்று ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுப்போமே, அந்தப் பட்டியலைத் தயாரித்தவள் நான்தான். மூக்கு ஒழுக, கண் சிவக்க உட்கார்ந்திருந்த பிள்ளையை மேடையில் நிறுத்தி, “இவனைப் பாருங்கள், ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை” என்று சொன்ன வாய் இதுதான். பக்கத்து பெஞ்சில் எத்தனை பேருக்கு அவன் ஒட்டவைத்தான் என்று அறிவியல் டீச்சரான நான் ஒரு நாளும் கணக்குப் பார்க்கவில்லை. அதனால் இந்தப் பதிவில் நான் சண்டை போடப்போவது உங்களோடு மட்டும் அல்ல.

என் அத்தானை உங்களில் பலருக்குத் தெரியும். அக்காவின் கணவர். கோவில்பட்டியில் எங்கள் வீட்டு விசேஷம் என்றால் பந்தியில் நின்று பரிமாறுவாரே, அவர்தான். 66 வயது, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மூன்று வருடத்துக்கு முன்பு ஐப்பசி மழையில் சளி, இருமல், காய்ச்சல், உடம்பு முறித்துப்போட்ட மாதிரி வலி. கடையில் போய்ச் சொன்னார். ஆறு வேளைக்கு மாத்திரை, காகிதப் பொட்டலத்தில் கலர் கலராக. எந்த மாத்திரை எதற்கு என்று அவருக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தார்.

ஐந்தாம் நாள் ராத்திரி ஒன்பதரைக்கு அக்கா போன் பண்ணினாள். “அத்தானுக்கு நெஞ்சு கனமா இருக்காம். தாடையெல்லாம் இழுக்குதாம். மேலெல்லாம் வேர்த்துக் கொட்டுது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ரெண்டு நாளா இருமி இருமி நெஞ்சு புண்ணாயிருக்கும். இல்லைன்னா வாயுவா இருக்கும். ஓமத்தண்ணி குடுத்துப் பாரு அக்கா.”

இதயத்தின் நான்கு அறைகளையும் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். அத்தனை வருடம் ‘படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்று ஐந்து மார்க் கேள்வி கேட்டவள் நான். ஓமத்தண்ணி சொன்னேன். பதினொரு மணிக்கு ஒரு கிளினிக்கில் வாயுவுக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். ஈசிஜி எடுக்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள், “காய்ச்சல் விட்டு நல்லாத்தானே இருந்தார், திடீர்னு அட்டாக்” என்றார்கள். அந்தத் ‘திடீர்’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. அந்தக் காய்ச்சல்தான் அவரைக் கொண்டுபோனது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. என்ன கிருமி என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நம் ஊரில் யாரும் சோதிப்பதும் இல்லை. இறப்புக்குக் காரணம் மாரடைப்பு என்று எழுதி முடித்துவிடுவோம். முந்தின வாரத்துக் காய்ச்சல் எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஆனால் கணக்கு எடுத்த ஊர் ஒன்று இருக்கிறது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணம். அங்கே ஆய்வுக்கூடப் பரிசோதனையில் இன்புளுவன்சா என்று உறுதியானவர்களின் பதிவுகளை எடுத்து, அதே ஆட்கள் மாரடைப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதிகளோடு ஒப்பிட்டார்கள். 2018 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அது வந்தது. பரிசோதனைக்கு ஒரு வருடம் முன்னும் ஒரு வருடம் பின்னுமாக மொத்தம் 364 மாரடைப்புகள். அதில் பரிசோதனைக்கு அடுத்த ஏழு நாளுக்குள் மட்டும் 20.

நோட்டை எடுங்கள், ஒரு கணக்கு. மீதி 344. அது சுமார் 104 வாரங்களில் பரவிக் கிடக்கிறது. வகுத்தால் வாரத்துக்கு மூன்று சொச்சம். காய்ச்சல் வாரத்தில் மட்டும் இருபது! ஆறு மடங்கு.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. சிகரெட் பிடிப்பவனையும் பிடிக்காதவனையும் ஒப்பிடவில்லை. ஏழையையும் பணக்காரனையும் ஒப்பிடவில்லை. ஒரே ஆளின் காய்ச்சல் வாரத்தை அவருடைய மற்ற வாரங்களோடு ஒப்பிட்டார்கள். அதே சர்க்கரை, அதே பிரஷர், அதே வயது. மாறியது அந்தக் காய்ச்சல்தான். ‘அவருக்கு ஏற்கெனவே அடைப்பு இருந்திருக்கும்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அடைப்பு இருந்திருக்கலாம். அது ஏன் அந்த வாரத்தில் முற்ற வேண்டும் என்பதுதான் கேள்வி. இன்புளுவன்சா மட்டும் இல்லை, மூச்சுக்குழாயைத் தாக்கும் வேறு சில வைரஸ்களிலும் இதே போக்கு தெரிந்தது, அளவு குறைவு.

ஆறு மடங்கு என்றதும் இருபத்தைந்து வயதுக்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். அந்த மாரடைப்புகள் வந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். சின்ன எண்ணை ஆறால் பெருக்கினாலும் சின்ன எண்தான். ஆனால் சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட் வைத்த இதயம் என்று இருப்பவருக்கு அந்த எண் சின்னது இல்லை. உங்கள் அம்மா அப்பா அந்த வயதில்தான் இருக்கிறார்கள். 93ஆம் வருட செட்டுக்காரர்களே, நீங்களும் அந்த வயதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.

“சளி மூக்குல, இருமல் நெஞ்சுல. ஹார்ட்டுக்கும் இதுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?” இந்தக் கேள்விக்கும் நான் பொறுப்பு. பாடப்புத்தகத்தில் சுவாச மண்டலம் ஒரு பாடம், இரத்த ஓட்ட மண்டலம் இன்னொரு பாடம். முதலாவதை முடித்துத் தேர்வு வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவேன். உடம்பில் அப்படிப் பாடம் பிரித்து வைக்கவில்லை.

வைரஸ் வந்ததும் உடம்பு முழுவதும் சண்டைக்கு எழுகிறது. வெள்ளை அணுக்கள் கிளம்புகின்றன, அழற்சியைக் கூட்டும் பொருட்கள் இரத்தத்தில் சுற்றுகின்றன, இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவரில் பல வருடமாகக் கொழுப்பு படிந்து, மேலே மெல்லிய மூடியோடு இருக்கும். பாலாடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல நாள் அது சும்மா இருக்கும். இந்தச் சண்டையில் அந்த மூடி கிழிந்தால், காயம் பட்ட இடம் என்று நினைத்து இரத்தத் தட்டணுக்கள் அங்கே குவியும். கட்டி உருவாகும். குழாய் அடைபடும். அதுதான் மாரடைப்பு.

இன்னொரு பக்கம், இதயத்தின் வேலைப்பளு. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் இதயம் நிமிடத்துக்குச் சுமார் பத்து முறை கூடுதலாகத் துடிக்கும். 102 பாரன்ஹீட் என்றால் வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு செல்சியஸ் அதிகம். நிமிடத்துக்கு இருபது, ஒரு நாளைக்கு 28,800 துடிப்பு கூடுதல். இதே நேரத்தில் நுரையீரல் வீங்கிக்கிடந்தால் பிராணவாயு வரத்தும் குறைவு. கூலியைக் குறைத்துவிட்டு இரட்டை ஷிப்ட் வேலை வாங்குவது போல. ஏற்கெனவே பலவீனமான இதயம் அதைத் தாங்காமல் காலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டும் நிலைக்குப் போகும்.

மூன்றாவது வழிதான் என் ஓட்டக்கார மாணவனுக்கானது. சில பேருக்கு, வயது குறைந்தவர்களுக்கும்கூட, வைரஸாலோ அதை எதிர்த்து உடம்பு நடத்தும் சண்டையாலோ இதயத் தசையே வீங்கிவிடும். இதயத்தசை அழற்சி என்பார்கள். இன்புளுவன்சா, கொரோனா, அடினோ வைரஸ், காக்சாக்கி வைரஸ் என்று பலவும் இதைச் செய்யும். அடிக்கடி நடப்பது இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள். ஆனால் தசை வீங்கியிருக்கும்போது கடுமையாக ஓடினால், இதயத்தின் தாளம் தப்பி அங்கேயே விழும் ஆபத்து உண்டு. அதனால்தான் இது உறுதியான விளையாட்டு வீரர்களை மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை களத்தில் இறங்காதே என்று மருத்துவர்கள் நிறுத்திவைக்கிறார்கள். சம்பளம் வாங்கி ஓடுகிறவனையே நிறுத்துகிறார்கள். நீ மெடலுக்கு ஓடுகிறாய்.

காய்ச்சல் விட்ட மறுநாள் ஓடியவனுக்குக் கை தட்டிய நாற்பது பேரே, நீங்கள் செய்ததும் நான் டம்ளர் கொடுத்ததும் ஒன்றுதான்.

அடுத்து நம் குடும்பக் குழு. சித்தப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாற்பது வயதில் யாராவது இறந்த செய்தி வந்தால் போதும், “எல்லாம் ஊசி போட்ட வினை” என்று ஒரு வீடியோவை அனுப்பிவிடுகிறீர்கள். அந்தக் கேள்வியை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்து ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. நாடு முழுவதும் 47 பெரிய மருத்துவமனைகள் வழியாக, 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 729 பேரை, உயிரோடு இருந்த 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். கொரோனா தடுப்பூசி அந்தத் திடீர் மரணத்தின் வாய்ப்பைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களுக்கு வாய்ப்பு குறைவாகவே இருந்தது. கூட்டியவை எவை? கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் முன்பு திடீர் மரணம் நடந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தது, அதே 48 மணி நேரத்தில் கடுமையான உடற்பயிற்சி செய்தது.

தடுப்பூசிக்குப் பக்கவிளைவே கிடையாது என்று நான் சொல்லவில்லை. வெளிநாடுகளில் அதிகம் போட்ட எம்.ஆர்.என்.ஏ. ஊசிக்குப் பிறகு இளம் ஆண்களில் அரிதாக இதயத்தசை அழற்சி வந்தது. கோவிஷீல்டு ஊசியில் மிக அரிதாக இரத்தக் கட்டி வந்தது. இரண்டும் மறைக்காமல் சொல்ல வேண்டியவை. ஆனால் நோய் செய்ததை வீடியோவில் யாரும் சொல்வதில்லையே, அதுதான் என் ஆத்திரம். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை, கொரோனா வந்துபோன பிறகு ஒரு வருடம் கவனித்து 2022இல் எழுதினார்கள். மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, துடிப்புக் கோளாறு எல்லாமே கூடியிருந்தன. ஆஸ்பத்திரிப் படியே ஏறாமல் வீட்டில் இருந்து குணமானவர்களுக்கும் கூடியிருந்தது. அவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள், அதை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது என்பது சரி. ஆனால் கிருமி மூக்கோடு நின்றுவிடுகிறது என்று சொல்ல அதற்குப் பிறகும் ஒருவருக்குத் துணிவு வேண்டும்.

இப்போது மாத்திரைப் பொட்டலம். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஏனென்றால் அத்தான் வீட்டு ஜன்னல் ஓரத்தில் மிச்சப் பொட்டலம் ரொம்ப நாள் கிடந்தது. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பத்தாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் கடையில் அசித்ரோமைசினைக் கேட்டு வாங்குகிறீர்கள். அது சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைத்துத் துடிப்பைத் தப்பவைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013இலேயே எச்சரித்தது. உடம்பு வலிக்கு டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் வகை மாத்திரையும் ஊசியும் மாரடைப்பு வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. இதய நோயாளிக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாதவை. சீக்கிரம் கேட்பதற்காகக் கலந்து தரும் ஸ்டீராய்டு, சர்க்கரையை எங்கேயோ கொண்டுபோய்விடும். பெரும்பாலானவர்களுக்கு அளவான பாரசிட்டமால், தண்ணீர், கஞ்சி, படுக்கை போதும். ஏற்கெனவே சாப்பிடும் இதய மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ காய்ச்சலின்போது நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் டெங்குவும் சேர்ந்து நடமாடுவதால் இதைக் கடைக்காரர் முடிவு செய்ய முடியாது, நானும் முடிவு செய்ய முடியாது.

‘வாயு’ என்ற சொல்லை நம் வீடுகளிலிருந்து கொஞ்ச காலத்துக்காவது தள்ளிவைக்க வேண்டும். காய்ச்சல் வந்த வாரத்திலும் அதற்கு அடுத்த சில வாரங்களிலும் நெஞ்சில் கனம், தாடைக்கோ தோளுக்கோ முதுகுக்கோ போகும் வலி, குளிர்ந்த வேர்வை, நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு, தலைசுற்றி மயக்கம், தாறுமாறாக அடிக்கும் நெஞ்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் ஓமத்தைத் தேடாதீர்கள். 108க்குப் போன் பண்ணுங்கள். ஈசிஜி கேளுங்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், இரத்தத்தில் ட்ரோபோனின் பார்க்கச் சொல்லுங்கள்; முதல் படம் சுத்தமாக வந்து, பிறகு மாரடைப்பு தெரிந்த ஆட்கள் உண்டு. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டம் இருக்கிறது. மாரடைப்பு என்று தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள். என் அக்கா வீட்டிலிருந்து அந்த மாதிரி நிலையம் நடக்கிற தூரம். அத்தான் போனது அதற்கு முந்தின வருடம்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. உங்களுக்கு வலி நெஞ்சில்தான் வரும் என்று இல்லை. காரணம் புரியாத களைப்பு, குமட்டல், முதுகு வலி என்றும் வரும். 101 டிகிரியில் அடுப்படியில் நின்று, மற்ற எல்லோருக்கும் ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் படுக்கிறீர்களே, அதற்குத் ‘தாங்கும் சக்தி’ என்று பெயர் வைத்து நம்மை ஏமாற்றிவிட்டார்கள். மூன்று நாள் வீட்டில் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டால் யாரும் இளைத்துவிட மாட்டார்கள்.

கடைசியாக ஃபுளூ ஊசி. 2021இல் வந்த ஓர் ஆய்வு. வங்கதேசம் உட்படப் பல நாடுகளில் நடந்தது. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களே பெரும்பாலும், சுமார் 2,500 பேர். பாதிப் பேருக்கு ஃபுளூ ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசி. ஒரு வருடத்துக்குள் உப்புநீர் போட்டவர்களில் 4.9 சதவீதம் பேர் இறந்தார்கள். ஃபுளூ ஊசி போட்டவர்களில் 2.9. நூற்றுக்கு இரண்டு உயிர். ஊசி போட்டால் ஃபுளூ வரவே வராது என்பதில்லை, வருடா வருடம் வைரஸ் மாறுவதால் ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். விலையும் அதிகம்தான். தீபாவளிக்கு நீங்கள் வெடிக்குக் கரியாக்கும் பணத்தைவிடக் குறைவு. நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு ஃபுளூ ஏறும். அதனால் புரட்டாசிக்குள் போட்டுவிட வேண்டும். அக்கா போன வருடம் போட்டுக்கொண்டாள். நானும் போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் இப்போது வேலை பார்க்கும் என் மாணவிகளே, முழு வருகைப் பரிசை எடுத்துவிடுங்கள். டம்ளர் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், காய்ச்சலின்போது வீட்டில் இருந்துவிட்டு, வந்ததும் விட்ட பாடத்தைத் தானாகவே எழுதிக் காட்டும் பிள்ளைக்குக் கொடுங்கள்.

பெங்களூர்க்காரனுக்கு: உன் அப்பாவுக்கு 52 வயதில் பைபாஸ் நடந்ததை மறந்துவிட்டாயா? நான் மறக்கவில்லை, அந்த வாரம் நீ வகுப்பில் அழுதாய். இப்போதும் படி ஏறினால் கொஞ்சம் படபடப்பாக இருக்கிறது என்று எனக்குத் தனியாக மெசேஜ் போட்டிருக்கிறாய். அதைக் குழுவில் போடவில்லை, மெடலை மட்டும் போட்டாய். நாளைக் காலை ஷூவை மாட்டாதே. நேராக ஒரு இதய மருத்துவரிடம் போ, காய்ச்சல் வந்த தேதியைச் சொல், ஓடியதையும் சொல். ஈசிஜி எடுத்த கையோடு எனக்குப் போன் பண்ணு. பத்து மணி வரை காத்திருப்பேன். வரவில்லை என்றால் உன் மனைவிக்குப் பண்ணுவேன், எண் என்னிடம் இருக்கிறது.